வானூர்தி கூறும் ஆகுபெயர்

திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என எப்பெயரால் அழைப்பினும் நம் ஊர்ப்பெயரில் ஒரு குன்று நிற்கிறது. கண்ணுக்கோ சமவெளியே தெரிகிறது. மேற்பரப்பை நோக்கி அடியிலுள்ளதை உரைப்பது எளிதன்று. யுரேனியத்தை விமானத்தில் பறந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது பாதியே உண்மை.

உழவன் சால் ஓட்டுவதுபோல் இணைகோடுகளாகத் தாழப் பறக்கும் விமானத்தில் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்திருப்பர். நிலத்திலிருந்து எழும் காமாக் கதிர்களை அவற்றின் ஆற்றலுக்கேற்பப் பிரித்து எண்ண அவை உதவும். பீங்கான் தொழிலில் களியோடு கலக்கும் பெல்ஸ்பாரில் உள்ள பொட்டாசியம் 1.46 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவிலும், மணவாளக்குறிச்சி மணலிலுள்ள தோரியத்தின் வழித்தோன்றல் 2.61 அளவிலும் தம்மைக் காட்டிக்கொள்ளும். யுரேனியமோ நேரே பேசுவதில்லை. அதன் வழித்தோன்றலாகிய பிஸ்மத்-214 என்பதே 1.76 அளவில் பேசுகிறது. மகனைக் கண்டு தந்தையை உய்த்துணர்கிறோம். எனினும் அரை மீட்டர் மண் மூடினாலே அக்கதிர்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆழப் புதைந்ததைத் தேட இவ்வழி உதவாது.

இங்கேதான் தமிழ் மாணவர் நன்கறிந்த ஆகுபெயர் துணைக்கு வருகிறது. 'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தவர் ஊரார் அல்லரோ? கனடாவின் அதபாஸ்கா வடிநிலத்தில், பழம்பாறைக்கும் அதன்மேற் படிந்த மணற்பாறைக்கும் இடைப்பட்ட எல்லையில், கிராஃபைட் செறிந்த பிளவுகளை ஒட்டியே யுரேனியம் பெரிதும் தங்கியுள்ளது. பென்சிலில் நாம் காணும் அந்தக் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். வானில் ஏந்திச் செல்லும் கம்பி வளையத்தில் மின்னோட்டத்தைப் பாய்ச்சிச் சட்டென நிறுத்தினால், அடிநிலத்துக் கிராஃபைட்டில் சுழலோட்டம் எழுந்து மெல்ல அடங்கும். அவ்வடங்கலை அளப்பர். வானிலும் தரையிலும் நடந்த மின்காந்த அளவீடுகள் காட்டிய இடங்களில் துளையிட்டே, 1981இல் சிகார் ஏரிப் பகுதியில் 410 முதல் 450 மீட்டர் ஆழத்திலிருந்த செழும்படிவைக் கண்டனர்.

ஆயினும் தோழியைக் கண்டது தலைவியைக் கண்டதாகாது. யுரேனியம் சேராத கிராஃபைட்டும் உண்டு. நம்மூர்க் களியைப் போன்ற ஈரக்களியும் மின்சாரத்தைக் கடத்தி ஏமாற்றும். துளையிடும்வரை எல்லாம் ஊகமே.

இம்முறை நம் நாட்டிற்கும் வந்துள்ளது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிம இயக்ககம் கடப்பை வடிநிலப் பகுதிகளில் ஹெலிகாப்டர்வழி அளவீடுகள் நடத்தியுள்ளது. அவ்வடிநிலத்தின் வடபகுதியில், லம்பாபூர், பெத்தகட்டு ஆகிய இடங்களில், அதே வகைப் பாறை எல்லையில் யுரேனியம் உள்ளது. பறந்து அளப்பது எவர் நிலத்தையும் தீண்டுவதில்லை, துளைக்கருவி தீண்டும். நல்லமலையின் அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் துளையிடும் திட்டம் எழுந்தபோது, அக்காட்டில் வாழும் செஞ்சு மக்களும் பிறரும் எதிர்த்தனர். 2019 செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் நல்லமலையில் யுரேனியம் அகழ்வதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.