இந்த மாதப் பாடம்: இடி கேட்டா வேலையை நிறுத்துவோம்



சித்திரை வெயில் மண்டையைப் பிளக்குது. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிடும். வெயிலைப் பற்றி நாம் நிறையப் பேசியாச்சு. வெயிலோடு சேர்ந்து வரும் கோடை மழையையும் இடி மின்னலையும் பற்றி இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேசுவோம்.

ஒரு குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு அக்கா சொன்னார்: "களை வெட்டிக்கிட்டு இருக்கும்போது மேற்கால கருக்கும். வீட்டுக்குப் போயிடலாமான்னு எல்லார் மனசுலயும் இருக்கும். ஆனா யாரு முதல்ல வாயைத் திறக்கிறது? பாதிக் கூலி போச்சுன்னா?" கூட்டத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

2025 அக்டோபரில் கடலூர் மாவட்டத்தில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த 4 பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். நம்மைப் போலவே கூலி வேலைக்குப் போனவர்கள்தான். அந்த அக்கா கேட்ட கேள்விக்கு நாம் பதில் கண்டுபிடித்தே ஆகணும்.

கோடை மழை எப்படி வருது?

மார்ச் முதல் மே வரை நம் மாநிலத்தில் சராசரியாக சுமார் 125 மில்லிமீட்டர் மழை பெய்யும். காலையில் வானம் வெளிச்சமாகவே இருக்கும். உச்சி வெயிலில் தரை சூடாகி, சூடான காற்று மேலே எழும்பும். அதோடு கடல் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றும் சேர்ந்தால் மேகம் மலை மாதிரி குவியும். பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு மேல், சாயங்காலத்துக்குள் இடியோடு கொட்டும். அதனால் காலையில் வானத்தைப் பார்த்து "இன்னைக்கு ஒண்ணும் வராது" என்று முடிவு செய்யக் கூடாது.

செய்தியை எப்படிப் புரிஞ்சுக்கணும்?

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று டி.வி.யில் சொல்வார்கள். நம் ஊரில் பெய்யாவிட்டால், "பொய் சொல்றாங்க" என்போம். ஆனால் அந்த வார்த்தைகளுக்குக் கணக்கு உண்டு.

- ஓரிரு இடங்களில்: அந்தப் பகுதியில் கால் பங்கு இடம் வரைக்கும்.
- ஒருசில இடங்களில்: கால் பங்குக்கு மேல், பாதி வரைக்கும்.
- கன மழை: ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர்.
- மஞ்சள் எச்சரிக்கை: கவனமா இருங்க. ஆரஞ்சு: தயாரா இருங்க. சிவப்பு: உடனே பாதுகாப்பு நடவடிக்கை எடுங்க.

ஓரிரு இடங்கள் என்றாலும் அதில் ஒன்று நம் காடாக இருக்கலாம். அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் மாவட்டவாரியாக வரும். குழுவில் ஒருவரிடம் ஸ்மார்ட்போன் இருந்தாலும் போதும். 'தாமினி' என்ற செயலியைப் போட்டு வைத்தால், சுற்றிலும் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும்.

போன் இல்லைன்னா?

காது இருக்கிறது. மின்னல் வெட்டியதும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுங்க. 3 எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைமேலேயே விழலாம். மழைத்துளி விழாத இடத்திலும் மின்னல் விழும். எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இடி காதில் கேட்டாலே கிளம்பணும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேலைக்கு இறங்கணும்.

எங்கே போகணும்? எங்கே போகக் கூடாது?

- கல் வீடு, பள்ளிக்கூடம், மூடிய பஸ் அல்லது வேன் பாதுகாப்பு. உள்ளே போனபின் குழாய், கம்பி ஜன்னல், மோட்டார் சுவிட்ச் எதையும் தொடாதீங்க.
- மரத்தடி வேண்டவே வேண்டாம். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேலும் பாயும். ஆட்டை ஓட்டிக்கொண்டு மரத்தடியில் ஒதுங்குவதும் இதே ஆபத்துதான்.
- பக்கம் திறந்த கொட்டகையும் கீற்றுப் பந்தலும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது.
- ஏரி, கிணறு, தண்ணீர் நிற்கும் வயலிலிருந்து உடனே வெளியே வாங்க. மண்வெட்டி, கடப்பாரையைக் கீழே போட்டுட்டு வாங்க.
- ஒதுங்க இடமே இல்லையா? தாழ்வான இடத்தில், கால்களைச் சேர்த்துக் குத்துக்காலிட்டு, காதைப் பொத்தி, தலையைக் குனிந்து உட்காருங்க. படுக்கக் கூடாது. கூட்டமாக இல்லாமல் தள்ளித் தள்ளி உட்காரணும். இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான்.

யாராவது அடிபட்டால்?

"தொட்டால் நமக்கும் கரண்ட் அடிக்கும்" என்று சிலர் பயந்து தள்ளி நிற்கிறார்கள். அது தவறு. அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தைரியமாகத் தொடலாம். உடனே 108-க்குச் சொல்லுங்க. மூச்சும் அசைவும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாக, ஆழமாக அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க. செத்துட்டாங்க என்று நினைக்கப்பட்டவர்களும் இப்படிப் பிழைத்திருக்கிறார்கள்.

உயிரிழப்பு ஏற்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் உண்டு. துக்கத்தில் அவசரமாக அடக்கம் செய்துவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்ல குழுவினர் கூட இருக்கணும். ஆடு, மாடு இறந்தாலும் உடனே தகவல் கொடுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

குழு என்ன செய்யலாம்?

முதலில் சொன்ன அக்காவின் கேள்விக்கு வருவோம். ஒருத்தி தனியாக வேலையை விட்டுப் போனால் "சோம்பேறி" என்பார்கள், கூலியையும் பிடிப்பார்கள். பத்துப் பேரும் சேர்ந்து முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. சேமிப்புக்கும் கடனுக்கும் தீர்மானம் போடுகிறோம். உயிருக்கும் ஒரு தீர்மானம் போடுவோம்:

"இடி கேட்டால் எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்துவோம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்புவோம்."

இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஊக்குநரும் பிரதிநிதியும் நிலத்துக்காரர்களிடமும் பஞ்சாயத்து வேலையைக் கவனிப்பவரிடமும் இப்போதே பேசட்டும். கோடையில் காலை சீக்கிரமாகத் தொடங்கி மதியத்துக்குள் முடிக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்க. வெயிலுக்கும் நல்லது, இடிக்கும் நல்லது.

கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நாம் வேலை செய்யும் காடுகளிலிருந்து ஓடிப்போகக்கூடிய கல் கட்டடம் எது? எத்தனை நிமிடம் ஆகும்?
2. எச்சரிக்கையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு யாருக்கு?
3. நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொடுக்க கிராம சுகாதார செவிலியரை எந்த நாளில் அழைக்கலாம்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. மழை வரட்டும், பூமி குளிரட்டும். நாம் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவோம்.