ஒழுகும் வண்டிக் கூரை: துவாரத்தைக் கண்டறிதலும் அடைத்தலும்

வீட்டுக் கூரை ஒழுகினால் மறுநாளே ஓடு மாற்றுகிறோம். ஊரார் ஏறிச் செல்லும் வண்டியின் கூரை ஒழுகினாலோ, மழை நின்றால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு சிற்றுந்துத் திட்டம் தொடங்கிய பின்னர், பெரிய பேருந்து நுழையாத சாலைகளிலும் மோட்டார் வண்டி ஓடலாயிற்று. நடமாடும் மருத்துவ வண்டியும், கால்நடை மருத்துவ வண்டியும், விளைபொருள் ஏற்றும் மூடுவண்டியும் இன்று கிராமத்துக்கு வருகின்றன. க்ஷேத்திர யாத்திரைக்கெனப் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய வண்டிகளும் உண்டு. மேல்நாட்டார் குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்யும் 'மோட்டார் வீடு' என்பதும் இத்தகையதே. இவை அனைத்திலும் சட்டத்தின்மேல் தகடு பொருத்திக் கூடு கட்டப்படுவதால், ஒழுகும் விதமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது.

இதனைக் கண்ணால் கண்டு கற்கத் திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையம் ஏற்ற இடமாகும். புதுப்பிக்கப்பெற்று 2021ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட இந்நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம், சமயபுரம், லால்குடி, முசிறி, துறையூர் மார்க்கங்களில் வண்டிகள் செல்கின்றன. ஐப்பசி மழை நாளில் நிலையத்தின் கூரையடியில் நனையாமல் நின்றவர், வண்டிக்குள் ஏறிய பிறகு குடையைத் தேடுவதுண்டு. ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாக இருக்க, அதன் அருகிலேயே கூடையுடன் ஒரு மூதாட்டி நின்றுகொண்டு வருவார். நாள்தோறும் செல்வோர் எந்த இருக்கையின்மேல் நீர் சொட்டும் என்பதை நன்கு அறிவர். ஆனால், அவர்கள் அறிந்தது நீர் சொட்டும் இடத்தை மட்டுமே. நீர் புகும் இடம் வேறு. இவ்வேற்றுமையை உணராமல் சொட்டும் இடத்திற்கு நேர் மேலே தாரைப் பூசுவதனால்தான், ஆண்டுதோறும் செலவு செய்தும் ஒழுக்கு நிற்பதில்லை.

வண்டிக் கூரைக்கு இரண்டு தோல்கள் உண்டு. வெளித்தகடு வழியே புகுந்த நீர், உள்தகட்டின்மேல் விழுந்து, குறுக்குச் சட்டங்களை ஒட்டி ஓடி, உள்தகட்டில் எங்கே இணைப்பு வாய் திறந்திருக்கிறதோ அங்கே சொட்டும். வண்டி மேட்டில் ஏறும்போது பின்னோக்கி ஓடும். பிரேக் போடும்போது முன்னோக்கிப் பாயும். ஓட்டுநரின் தலைமேல் சொட்டும் நீர், பின்னாலுள்ள காற்றுப்போக்கியின் வழியே புகுந்ததாகவும் இருக்கலாம்.

துவாரம் ஏன் உண்டாகிறது? காரணம் மழை அன்று, வெயிலே. பத்து மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, வெப்பம் நாற்பது பாகை உயர்ந்தால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளும். அதனைத் தாங்கும் எஃகுச் சட்டமோ அதே வெப்பத்தில் 5 மில்லிமீட்டர் அளவே நீளும். எஞ்சிய 4 மில்லிமீட்டர் இழுப்பையும் ரிவெட்டு ஆணிகளே தாங்கவேண்டும். சித்திரை வெயிலில் நாள்தோறும் இவ்வாறு நீண்டும் சுருங்கியும் ஆணித்துளைகள் அகன்றுவிடுகின்றன. இணைப்பில் இட்ட பசையும் வெடிக்கிறது. தகட்டில் மாசி மாதமே வாய் திறந்துவிட, மழை அதனை ஐப்பசியில்தான் காட்டிக்கொடுக்கிறது.

ஒழுக்கினால் நனைவது ஆடை மட்டுமன்று. இருக்கையடியிலுள்ள மரப்பலகைத் தளம் உளுத்து, ஒரு நாள் கால் உள்ளே போகும். தூண் சட்டங்கள் வெளியே வர்ணம் மின்ன, உள்ளே துருவேறும். மின்கம்பி இணைப்பில் நீர் இறங்கினால் தீ விபத்துக்கும் இடமுண்டு. மருத்துவ வண்டியில் மருந்துப் பெட்டியும் பதிவேடும் கெடும். மூடுவண்டியில் உரமூட்டை கட்டியாகும், விதைநெல் முளைவிடும்.

இனிச் சோதனை முறையைக் காண்போம். இதற்கு ஒரு நீர்க்குழாயும், சுண்ணக்கட்டியும், ஒரு கைவிளக்கும், இருவருமே போதும். மின்கலத்தின் இணைப்பை முதலில் கழற்றிவிடவேண்டும். கூரையின் உள்தகட்டில் ஐயமுள்ள பகுதியைத் திருகாணி நீக்கித் திறந்துகொள்வது நல்லது; திறக்காமல் செய்யும் சோதனை பாதிச் சோதனையே. ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றவர் வெளியே நின்று நீர் பாய்ச்சவேண்டும். நீரைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோவதே இதில் முக்கியம். முதலில் ஜன்னலின் கீழ்விளிம்பு, பிறகு அதன் மேல்விளிம்பு, பிறகு கூரையோரம், இறுதியில் கூரை நடு என்று செல்க. மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளின்மீதும் வழிந்து, எது குற்றவாளி என்று தெரியாமற்போகும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமேனும் பொறுக்கவேண்டும்; நீர் உள்ளே நடந்துவர நேரம் எடுக்கும். ஈரம் கண்டவுடன் உள்ளிருப்பவர் குரல் கொடுத்து, அவ்விடத்தில் சுண்ணக்கோடு இடுவார். வெளியில் இருப்பவரும் அப்போது நீர் படும் இடத்தில் குறியிடுவார். வேகமாகப் பீச்சுதல் கூடாது. நல்ல இணைப்பிலும் அது நீரைப் புகுத்திவிடும்.

கதவும் ஜன்னலும் இறுக மூடும் மருத்துவ வண்டிக்கு வேறொரு வழியும் உண்டு. ஊதுவிசிறியால் உள்ளே காற்றைச் செலுத்தி, வெளியே இணைப்புகளில் சோப்பு நீரைப் பூசினால், துவாரத்தில் குமிழி எழும். நீர் அருமையான ஊர்களுக்கு இது சிக்கனமானது. சாதாரணப் பேருந்தில் காற்று நில்லாது. ஆகவே அதற்கு இம்முறை பயன்படாது.

கூரைமேல் ஏறுவோர் மின்கம்பியின் கீழே வண்டியை நிறுத்தலாகாது. ஈரத்தகடு வழுக்கும், தகட்டின் நடுவில் கால் வைத்தால் அது குழிந்து புதிய துவாரத்திற்கு வழி செய்யும்.

பெரும்பாலும் துவாரம் இருப்பது கூரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பிலும், சுமைச் சட்டத்தின் கால்களிலும், காற்றுப்போக்கியின் சுற்றிலும், முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரிலும்தான். ஜன்னல் கண்ணாடி நகரும் கால்வாயின் அடியில் நீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு. இவற்றில் புழுதியும் பயணச்சீட்டுத் துண்டுகளும் அடைத்துக்கொண்டால், நீர் உள்பக்கம் வழியும். இதற்குப் பட்டறை வேண்டா. ஒரு கம்பி போதும். ஒழுகும் வண்டி எதிலும் முதலில் பார்க்கவேண்டியது இதுவே என்பது நம் கருத்து.

அடைக்கும்போது பழைய தாரையும் பசையையும் முற்றும் சுரண்டி, துடைத்து, நன்கு உலர்த்திய பின்னரே புதியதை இடவேண்டும். தார் மலிவானது, ஆயினும் சூடான தகட்டில் ஒரு கோடைக்குமேல் நிற்பது அரிது. கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசையின்மேல் வர்ணம் ஒட்டாது; புளிக்காடி மணம் வீசும் வகை இரும்பை அரிக்கவும் செய்யும். இழுப்புக்கு இசைந்துகொடுக்கும் பாலியூரிதேன் பசை விலை சற்று அதிகமாயினும் தகட்டிணைப்புக்கு ஏற்றது. சுமைச் சட்டம், காற்றுப்போக்கி ஆகியவற்றைக் கழற்றி, அடியில் பியூட்டைல் ஒட்டுநாடா வைத்துத் திரும்பப் பூட்டுதல் நலம். தளர்ந்த ரிவெட்டைச் சுத்தியால் அடித்துப் பயனில்லை. அதனைத் துளைத்து எடுத்து, பசை தோய்த்த அடுத்த அளவு ஆணியை இடவேண்டும். கடினப்பட்ட கண்ணாடி ரப்பருக்கு மருந்து கிடையாது, மாற்றவே வேண்டும்.

புதிதாக வண்டி கட்டுவிப்போர், பேருந்துக் கூடு கட்டுவதில் பெயர்பெற்ற கரூரில் கொடுத்தாலும் வேறெங்கே கொடுத்தாலும், நீர்த்தூவல் சோதனையை எதிரில் செய்துகாட்டிய பிறகே வண்டியைப் பெற்றுக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். வாடகைக்கு வண்டி அமர்த்தும் பஞ்சாயத்துகளும் இவ்வாசகத்தைச் சேர்க்கலாம். ஓடும் வண்டிகளுக்குச் சோதனையை ஆடியிலேயே நடத்துவது நன்று. ஒட்டிய பசை காய்ந்து இறுகவும், அதே குழாயைக்கொண்டு மறுமுறை நீர்விட்டுப் பார்க்கவும் அப்போது நாள் இருக்கும். குறியிட்ட இடங்களையும் தேதியையும் வண்டியின் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு தேடும் வேலை பாதியாகக் குறையும்.