பருப்புவகைப் புரதம் உடலிற் சேருமாறு

பயறு, உழுந்து, கௌபி, சோயா அவரை, கச்சான், எள்ளு ஆகியன எமது உலர்வலயத்து மேட்டுநிலங்களில் விளைபவை. இவற்றிற் புரதம் மிகுதி என்பதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். காய்ந்த பயற்றின் 100 பங்கில் ஏறக்குறைய 24 பங்கு புரதமாகும். உழுந்தில் 25 பங்கு வரையும், சோயா அவரையில் 36 முதல் 40 பங்கு வரையும் உண்டு. தீட்டிய அரிசியிலோ 7 பங்களவே காணப்படும். ஆயினும் விதையில் உள்ள புரதத்தின் அளவு வேறு. அதனை உண்டவரின் உடலிற் சேரும் அளவு வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விதையினாலும், களஞ்சியத்தினாலும், அடுப்படியினாலும் உண்டாவது. அதனை ஓரளவு குறைத்துக்கொள்வது உங்கள் கையிலேயே இருக்கிறது.

இது பற்றி மக்களிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. தானியத்திலும் பருப்பிலும் உள்ள புரதம் உடம்பில் ஒட்டாது, இறைச்சியும் முட்டையுமே வலிமை தரும் என்பர் ஒரு சாரார். வேகவைத்தாற் சத்து அழிந்துவிடும், ஊறவைத்துப் பச்சையாகவே உண்ணவேண்டும் என்பர் மற்றொரு சாரார். முதலாவது கருத்தில் உண்மை சிறிதளவு உண்டு. இரண்டாவது கருத்து பருப்புவகைகளைப் பொறுத்தவரையிற் பெரிதும் தவறானது. சிலவற்றில் ஆபத்தானதும் ஆகும்.

சமிபாடு நிகழும் முறை

புரதம் என்பது அமினோவமிலங்கள் என்னும் சிறு கூறுகள் மணிகளைப்போற் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும். இச்சங்கிலி பல மடிப்புக்களாகச் சுருண்டு கிடக்கும். சமைக்கும்போது வெப்பத்தாலும், பின்னர் இரைப்பையிலுள்ள அமிலத்தாலும் அம்மடிப்புக்கள் குலைகின்றன. இரைப்பையிற் சுரக்கும் பெப்சின் என்னும் நொதியம் சங்கிலியைப் பெருந்துண்டுகளாக வெட்டுகிறது. சதையியிலிருந்து சிறுகுடலுக்கு வரும் திரிப்சின் முதலிய நொதியங்கள் அத்துண்டுகளை மேலும் சிறிதாக்குகின்றன. இவ்வாறு சிறிதானவற்றையே குடற்சுவர் உறிஞ்சும். வெட்டப்படாது எஞ்சியவை பெருங்குடலை அடைந்து அங்குள்ள பற்றீரியாக்களுக்கு இரையாகும்; அவற்றால் உங்கள் குழந்தையின் தசை வளர்வதில்லை.

உறிஞ்சப்பட்ட அளவை அறிவதற்கு நைதரசனை அளப்பது வழக்கம். புரதத்தின் 100 பங்கில் ஏறக்குறைய 16 பங்கு நைதரசனாகும். உண்ட நைதரசனுக்கும் மலத்தோடு கழிந்த நைதரசனுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து, உடலுக்குள் எவ்வளவு சென்றது என்பதைக் கணிக்கலாம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் பிறவும் சேர்ந்து 1985ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, முட்டைப் புரதத்தின் 100 பங்கில் 97 பங்கும், பாலில் 95 பங்கும், இறைச்சியிலும் மீனிலும் 94 பங்கும், தீட்டிய அரிசியில் 88 பங்கும், சோயா மாவில் 86 பங்கும், காய்ந்த போஞ்சி விதையில் 78 பங்கும் சமிக்கின்றன. மலத்தை அளக்கும் இம்முறையிற் பெருங்குடற் பற்றீரியாக்களின் செயலும் கலந்துவிடுவதால், சிறுகுடலின் முடிவிலேயே அளப்பது சிறந்ததென அதே உணவு விவசாய நிறுவனம் 2013ஆம் ஆண்டு பரிந்துரை செய்தது.

அவ்வறிக்கையில் மேலும் ஓர் எண் உண்டு. சோயாவிலிருந்து நாரையும் பிறவற்றையும் நீக்கிப் பிரித்தெடுத்த புரதத்திற்கு 95 பங்கு குறிக்கப்பட்டுள்ளது. அஃதாவது பாலுக்குச் சமம். எனவே குறை பெரும்பாலும் தாவரப் புரதத்தில் இல்லை. அப்புரதத்தைச் சூழ்ந்து நிற்பவற்றிலேயே இருக்கிறது.

விதையின் தற்காப்பு

விதை மனிதர் உண்பதற்காகத் தோன்றியதன்று, முளைப்பதற்காகத் தோன்றியது. தன் புரதத்தை அது தடித்த கலச்சுவர்களுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. பருப்பு வெந்து மிருதுவாகும்போது கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றனவேயன்றி, அவற்றின் சுவர்கள் எல்லாம் உடைந்துவிடுவதில்லை. நன்றாக மெல்லாமல் விழுங்கினால், நொதியம் உட்புகாத பல கலங்கள் அப்படியே கடந்து செல்லும். பல்லில்லாத முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் பருப்பை மசித்துக் கொடுக்கும் எமது வழக்கத்திற்குத் தக்க காரணம் இதுவே.

இதனினும் முக்கியமான தற்காப்பு ஒன்று உண்டு. பருப்புவகை விதைகளில், சிறப்பாகச் சோயா அவரையில், திரிப்சினைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பச்சைச் சோயாவை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றியதையும், வேகவைத்ததை உண்டவை நன்கு வளர்ந்ததையும் அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய ஒசுபோணும் மெண்டலும் 1917ஆம் ஆண்டிலேயே காட்டினர். அத்தடைப்பொருளைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தவர் குனிற்சு என்பவர், ஆண்டு 1945. கோழி வளர்ப்போர் இதனை நேரிற் காணலாம். பச்சைச் சோயாவை உண்ணும் குஞ்சுகளின் சதையி, தடுக்கப்பட்ட நொதியத்திற்கு ஈடுசெய்ய முயன்று பருத்துவிடும், குஞ்சோ வளராது. வெப்பம் இத்தடைப்பொருளின் பெரும்பகுதியை அழித்துவிடும். ஓர் இரவு ஊறிய சோயாவுக்கு அரைமணி நேரக் கொதிப்பே இதற்குப் போதுமானது. விதை மிருதுவாவதற்கு அதனினும் நீண்டநேரம் செல்லுமாதலால், நன்கு வெந்த சோயாவைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை.

சிவப்புப் போஞ்சி விதையில் உள்ள வேறொரு பொருள் கடுமையான வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கவல்லது. இவ்விதையைக் குறைந்தது ஐந்து மணிநேரம் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் அரைமணி நேரமாவது நன்கு கொதிக்கவிடவேண்டும். கொதிக்காத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பது போதாது.

கோதிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருளும் புரதத்தோடு பிணைந்து சமிபாட்டைக் குறைக்கும். உழுந்தை ஊறவைத்துக் கோது கழுவி அரைக்கும்போது அதன் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. அரைப்பதாற் கலச்சுவர்கள் உடைகின்றன. இரவில் மா புளிப்பதாற் சில தடைப்பொருள்கள் குறைகின்றன. காலையில் ஆவியிலோ கல்லிலோ வேகும்போது மிகுதியும் அழிகின்றன. இவ்வாறு பார்க்கின், தோசைக்கும் இட்டலிக்கும் மேலான சமையன்முறையைக் கூறுவது எளிதன்று. பயற்றை முளைகட்டுவதாலும் ஒத்த பயன் உண்டு. ஆயினும் முளைப்பயற்றில் நோய்க்கிருமிகளும் பெருகக்கூடும். ஆதலாற் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அதனை அவித்தே கொடுங்கள்.

பருப்பு உண்டால் வயிறு பொருமுகிறதே, அது புரதம் சமிக்காததனால் அன்றோ என்று சிலர் வினவுவர். அதற்குப் பெரும்பாலும் காரணம் புரதமன்று. எமது குடலின் நொதியங்களால் வெட்டமுடியாத ஒருவகைச் சீனிப்பொருள்களேயாம். ஊறிய நீரை ஊற்றிவிட்டால் அவற்றில் ஒரு பகுதி நீங்கும்.

வேகாத பருப்பு

"எவ்வளவு விறகு வைத்தாலும் இந்தப் பயறு வேகுதில்லை" என்று வீட்டுப் பெண்கள் முறையிடும்போது, குற்றம் அடுப்பில் இல்லாதிருக்கலாம். வெப்பமும் ஈரமும் மிக்க இடத்திற் பல மாதம் கிடந்த பருப்பின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் இறுகிவிடும். அது நீரை உறிஞ்சும்; ஆனால் மிருதுவாகாது. தகரக் கூரையின்கீழ்ச் சாக்கிற் கட்டிப் போடப்பட்ட பயற்றுக்கு இந்நிலை வருவது இயல்பு. எனவே நன்கு காயவைத்து, ஈரம் 100 பங்கில் 12 பங்கிற்கு மேற்படாதவாறு செய்து, காற்றுப் புகாத கொள்கலத்தில் இட்டு, வீட்டின் குளிர்ந்த பகுதியில் வையுங்கள். வண்டு துளைப்பதையும் இது பெரிதும் தடுக்கும்.

நீரும் ஒரு காரணமாகலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளிற் பெரும்பாலானவை சுண்ணாம்புக்கற் பாறையில் வெட்டப்பட்டவை. அவற்றின் நீரிலுள்ள கல்சியம் பருப்பின் கலச்சுவரோடு சேர்ந்து அதனை மேலும் இறுக்கும். மழைநீர் சேமித்திருப்பின் அதனைப் பருப்புக்குப் பயன்படுத்துங்கள். இல்லையேற் கிணற்றுநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை வடித்தெடுங்கள். ஊறவைக்கும் நீரிற் சிறிது உப்பிடுவதும் உதவும். பழப்புளி, தக்காளி, தேசிக்காய் ஆகியவற்றைப் பருப்பு வெந்த பின்னரே சேர்க்கவேண்டும். புளிப்பு முன்னரே சேர்ந்தால் விதை இறுகி நிற்கும். அப்பச்சோடா விரைவில் வேகச்செய்யும் என்பது உண்மையே. ஆனால் அது தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிப்பதால் யாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. பிரஷர் குக்கர் உள்ளவர்கள் விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம்.

வெப்பம் நன்றென்று கூறியதனால் மிகையான வெப்பமும் நன்றெனக் கொள்ளற்க. மோதகத்துக்கும் பொங்கலுக்கும் பயற்றை வாசம் வருமளவு இளவறுப்பாக வறுப்பதிற் கேடில்லை. கரும்பழுப்பாகும்வரை வறுத்தால், இலைசின் என்னும் அமினோவமிலம் விதையிலுள்ள சீனியோடு பிணைந்து உடலுக்குப் பயன்படாது போகும்.

சோறும் பருப்பும்

இலைசின் இழப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது ஏன்? உடலாற் செய்துகொள்ள முடியாத அமினோவமிலங்களில் அதுவும் ஒன்று. அரிசியில் அதுவே குறைவு. பருப்பில் இலைசின் நிறைய உண்டு. அங்கே குறைவாயிருப்பது மெதியோனின். அரிசியிலும் எள்ளிலும் மெதியோனின் போதியளவு உண்டு. ஆகவே சோறும் பருப்பும், உழுந்தும் எள்ளும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. வளர்ந்தோர் இவற்றை ஒரே வேளையில் உண்ணவேண்டுமென்பதில்லை. ஒரே நாளில் உண்டாற் போதும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுக்கும் கஞ்சியில் மட்டும் இரண்டையும் சேர்த்தே இடுங்கள்: அரிசி மூன்று பங்கு, கோது நீக்கிய பயறு ஒரு பங்கு, நன்றாக வேகவைத்து மசித்தது. முட்டையோ, முள் நீக்கிய மீனோ கிடைக்கும் நாட்களில் அதனையும் விடாது சேர்க்கவேண்டும். வளரும் குழந்தையின் சிறு வயிறு, பருப்பை மட்டுமே கொண்டு எல்லாத் தேவையையும் நிறைவேற்றும் அளவுக்கு உண்ணவியலாது. மேலும் பீ12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவுகளிற் கிடைப்பதில்லை.

வளர்ந்தவரின் கணக்கைச் சற்றே பார்ப்போம். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் நல்ல புரதம் வேண்டும். 50 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 42 கிராம் ஆகும். வயலில் வேலை செய்யும் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசிச் சோறு உண்கிறார் எனக் கொள்வோம். அதிலுள்ள 28 கிராம் புரதத்தில் 25 கிராம் சமிக்கும். மிகுதி 17 கிராமையும் பயற்றிலிருந்தே பெறுவதாயின், சமிபாட்டை 100க்கு 80 என்று வைத்துக்கொண்டு பார்க்குமிடத்து, 90 கிராம் காய்ந்த பயறு வேண்டும். அரைகுறையாக வெந்த பயறாயின் 90 கிராமும் போதாது.

அறுவடை முடிந்ததும் முதல்தரமான பயற்றைச் சந்தைக்கு அனுப்பி, வண்டுபட்டதையும் கடந்த போகத்துப் பழையதையும் வீட்டுக்கு வைப்பது பல கமக்காரரிடம் காணப்படும் வழக்கம். காசின் தேவையை யாம் அறிவோம். எனினும் பழைய பயறே வேகாத பயறு என்பதையும், அதனை உண்ணும் குழந்தைக்கு அதே அளவிற் குறைந்த புரதமே கிடைக்கிறது என்பதையும் நீங்கள் கணக்கிற் சேர்க்கவேண்டும். பிள்ளைகள் உட்பட ஐவர் கொண்ட குடும்பத்திற்குத் தலைக்கு 60 கிராம் வீதம் நாளொன்றுக்கு 300 கிராம் பருப்புவகை செல்லும். அடுத்த போகம் வரையான ஆறு மாதத்திற்கு இது ஏறக்குறைய 55 கிலோகிராம். பயறு, உழுந்து, கௌபி எனக் கலந்து இவ்வளவையும் புதிய விளைச்சலிலிருந்து அறுவடை முடிந்தவுடனேயே ஒதுக்கி, காயவைத்து மூடி, எஞ்சியதற்கே விலை பேசுங்கள்.