போர்வை சூடு தருமா?

சந்திரயான்-3 படத்தைக் காட்டினால், "அது தங்கத் தகடா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தங்கமன்று, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலம். படலத்தின் மஞ்சள் நிறமே பொன்னாகத் தெரிகிறது. வெயிலின் வெப்பக் கதிர்வீச்சை அது திருப்பி அனுப்புகிறது. உள்ளிருக்கும் வெப்பத்தையும் எளிதில் வெளியேற விடுவதில்லை.

1960-களில் நாசாவின் பணிகளுக்காக வளர்ந்த இத்தொழில்நுட்பமே, மீட்புக் குழுவினர் பயன்படுத்தும் வெள்ளி நிற அவசரகாலப் போர்வையாயிற்று. மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் தன் கவசத்தை இழந்து கொதித்தபோது, இத்தகைய படலத்தைக் குடையாக விரித்தே வீரர்கள் அதைக் குளிர்வித்தனர்.

செயல்பாடு: ஒரே அளவுள்ள இரு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றைக் கறுப்புத் தாளாலும், மற்றொன்றைச் சமையலறை அலுமினியத் தாளாலும் சுற்றுக. ஆசிரியரே இரண்டிலும் சமமாக வெந்நீர் ஊற்றி, அட்டையால் மூட வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையை மாணவர்கள் குறிக்கட்டும். அடுத்து, குளிர்ந்த நீரை நிரப்பி மதுரை வெயிலில் வைத்து, மீண்டும் அளக்கட்டும். முதலில் வெப்பத்தைக் காத்த தாளே, இப்போது வெப்பத்தைத் தடுக்கும்.

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பத்தைக் காக்கிறது. எனவே, மழையில் நனைந்து நடுங்கும் குழந்தையின் ஈர உடையைக் களைந்து, துவட்டிய பின்னரே போர்த்த வேண்டும். வெறுந்தரை வெப்பக் கடத்தலால் உடல் வெப்பத்தை இழுக்கும். கீழே பாயோ சாக்கோ விரிக்க வேண்டும்.

மதிப்பீடு: பனிக்கட்டியை இப்போர்வையில் சுற்றினால் விரைவில் உருகுமா, தாமதமாக உருகுமா? ஏன்?