நல்ல துடுப்பு

காசி நகரம் உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. வாராணசி என்றும் அதற்குப் பெயர் உண்டு. கங்கைக் கரை நெடுகப் படித்துறைகள். எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள். தெற்கே அசி படித்துறை. வடக்கே ராஜ்காட். கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது.

இந்தத் துறைகளில் படகு ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து காசிக்குப் போகிறவர்களும் இவர்களுடைய படகில்தான் ஏறுகிறார்கள். "வாங்க அம்மா, படகு, படகு" என்று தமிழிலேயே கூப்பிடும் படகோட்டிகளும் அங்கே உண்டு. பேரமும் தமிழில் நடக்கும்!

இப்போது பல படகுகளில் எஞ்சின் வந்துவிட்டது. டீசல் எஞ்சின்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும் வேலையும் 2021ஆம் ஆண்டு முதல் நடந்தது. ஆனாலும் கையால் துடுப்பு வலிக்கும் படகுகள் போய்விடவில்லை. எஞ்சின் நின்று போனால் கை கொடுப்பதும் துடுப்புதான்.

ஒரு வாலிபனுடைய கதையைப் பார்ப்போம்.

அவனுடைய அப்பாவுக்குத் தோளில் வலி. இனி துடுப்பு வலிக்க முடியாது. படகு மகன் கைக்கு வந்தது. பழைய துடுப்புகள் தேய்ந்து போயிருந்தன. கடையில் பளபளவென்று பச்சை வண்ணம் பூசிய இரண்டு துடுப்புகள் இருந்தன. விலையும் குறைவு. வாங்கிவிட்டான்.

மழைக்காலம் முடிந்த நேரம். ஆற்றில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. படகு விடலாம் என்று அனுமதி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நீரோட்டம் இன்னும் வேகமாகத்தான் இருந்தது. படகில் எட்டுப் பேர். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. போகும்போது சிரமம் இல்லை. தண்ணீர் போகும் திசையிலேயே படகு மிதந்து போனது. திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவன் பலமாக இழுத்தான். 'படக்' என்று ஒரு சத்தம். வலது கைத் துடுப்பு இரண்டாக முறிந்தது.

ஒரே துடுப்பால் இழுத்தால் படகு வட்டம் சுற்றும். முன்னால் போகாது. படகு சுற்றிக்கொண்டே வடக்கே அடித்துப் போனது. அங்கே ராஜ்காட் பாலம் இருக்கிறது. 1887இல் திறக்கப்பட்ட பெரிய பாலம். கீழே ரயில் போகும். மேலே வண்டிகள் போகும். ஆற்றுக்குள் அதன் தூண்கள் மலை மாதிரி நிற்கின்றன. வேகத்தில் போகும் படகு தூணில் மோதினால் என்ன ஆகும்?

நல்ல வேளை. பக்கத்தில் வந்த படகிலிருந்து கயிறு வீசினார்கள். அவன் பிடித்துக்கொண்டான். எட்டுப் பேரும் கரை ஏறினார்கள். கூலியை யாரிடமும் அவன் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அன்று மாலை அவனுடைய சித்தப்பா முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். நாற்பது ஆண்டு படகு ஓட்டியவர். கத்தியால் வண்ணத்தைச் சுரண்டினார். உள்ளே வட்டமாக ஒரு கருப்புக் கணு. அதைச் சுற்றி விரிசல். விரிசலில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார்கள். மேலே வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள்.

"வண்ணத்தைப் பார்த்து வாங்கினாயா, பேட்டா?" என்றார். அந்தப் பக்கம் மகனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"விலை குறைவாக இருந்தது, சாச்சா." சாச்சா என்றால் சித்தப்பா.

"இனிமேல் வெறும் மரமாக வாங்கு. வண்ணம் பூசிய துடுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. வண்ணம் நாமே பூசிக்கொள்ளலாம்."

எவ்வளவு நீளம்?

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கடைக்குப் புறப்பட்டார்கள். சாச்சா உடனே கிளம்பவில்லை. முதலில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினார்.

துடுப்பைக் கட்டும் முளை படகின் இரண்டு ஓரத்திலும் இருக்கும். ஒரு முளையிலிருந்து எதிர் முளை வரை அளந்தார்கள். 5 அடி இருந்தது. அதில் பாதி இரண்டரை அடி. துடுப்பில் படகுக்கு உள்ளே இருக்க வேண்டிய நீளம் இதுதான். வெளியே இருப்பது அதைப் போல் இரண்டு பங்கு வேண்டும். அதாவது 5 அடி. இரண்டரையும் ஐந்தும் ஏழரை. எனவே ஏழரை அடித் துடுப்பு வேண்டும்.

இந்தக் கணக்கு எதற்கு? கடப்பாரையால் கல்லைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். கைப்பக்கம் நீளமாக இருந்தால் பலம் குறைவாகப் போதும். துடுப்பும் ஒரு கடப்பாரை போலத்தான். வெளிப்பக்கம் மிகவும் நீண்டால் ஒவ்வொரு இழுப்பும் கனக்கும். தோள் போய்விடும். வெளிப்பக்கம் குட்டையாக இருந்தால் இழுப்பது சுலபம். ஆனால் படகு நகராது. கைதான் வேகமாக ஆடும். ஒரு பங்கு உள்ளே, இரண்டு பங்கு வெளியே என்பது நடுவான அளவு.

இதிலும் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். படகின் ஓரம் தண்ணீருக்கு மேல் உயரமாக இருந்தால் அரை அடி கூட்டலாம். உட்கார்ந்து பிடிக்கும்போது இரண்டு கைப்பிடிகளும் முட்டக் கூடாது. நடுவே நாலு விரல் இடம் வேண்டும். முட்டினால் விரல்தான் நசுங்கும்.

மூங்கிலா, மரமா?

காசியில் பெரும்பாலும் மூங்கில் துடுப்புதான். நீளமான மூங்கில். அதன் நுனியில் ஒரு மரப் பலகை. முளையில் கயிற்று வளையம் போட்டு அதில் துடுப்பை மாட்டுவார்கள். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் மூங்கில் லேசானது. வளையும், சட்டென்று முறியாது. கெட்டுப்போனால் மூங்கிலை மட்டும் மாற்றினால் போதும்.

கடையில் இரண்டு பங்கு பணத்துக்கு நல்ல தேக்குத் துடுப்பும் இருந்தது. அழகாக இழைத்திருந்தார்கள். வாலிபன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல சாமான்தான்" என்றார் சாச்சா. "உன்னிடம் உள்ள பணத்துக்கு அதில் இரண்டு வரும். மூன்றாவது வராது. மூன்றாவது துடுப்பு இல்லாமல் நீ ஆற்றில் இறங்கக் கூடாது."

அவன் பதில் சொல்லவில்லை. முந்தின நாள் படகில் மூன்றாவது துடுப்பு இருந்திருந்தால் அந்தக் குழந்தையின் தாய் அப்படி அலறியிருக்க மாட்டாள்.

மூங்கில் கடைக்குப் போனார்கள். சாச்சா அவசரப்படவில்லை. கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். உள்ளே பொந்து பெரிதாக இருந்த மூங்கிலை ஒதுக்கினார். கல் மூங்கிலைத் தேடினார். அதன் உள்ளே பொந்து சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பச்சையாக இருந்ததையும் ஒதுக்கினார். இளம் மூங்கில் காயும்போது சுருங்கும், வெடிக்கும். மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கில்தான் உழைக்கும். தரையில் தட்டினார். முற்றிக் காய்ந்தது 'டங்' என்றது. பச்சை மூங்கில் 'டப்' என்றது.

பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூங்கிலின் நீளத்தைப் பார்த்தார். துப்பாக்கி பிடிப்பவர் போல! கோணல் இருந்தால் இப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூங்கிலின் மேல் சிறு சிறு துளைகள் இருக்கின்றனவா, அவற்றிலிருந்து மாவு போல் தூள் உதிர்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வருகிற வண்டு அது. சில வாரங்கள் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு நிழலில் காயவைத்த மூங்கிலில் இந்தத் தொல்லை குறைவு. ஊறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது.

கடைசியாக இரண்டு செங்கற்கள் கேட்டு வாங்கினார். ஒரு முனையை ஒரு கல்லிலும் மறுமுனையை இன்னொரு கல்லிலும் வைத்தார். நடுவில் கையால் அழுத்தினார். மூங்கில் கொஞ்சம் வளைந்தது. கையை எடுத்ததும் நேராக நிமிர்ந்தது. சத்தம் இல்லை. இன்னொன்று அழுத்தும்போது 'கிரீச்' என்றது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் முகம் கோணியது. கோணட்டுமே!

மரத் துடுப்பு வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனை உண்டு. மரத்தில் வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரி துடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். பாதியில் குறுக்கே ஓரத்துக்குப் போய்விட்டால் அந்த இடத்தில்தான் முறியும். பலகையும் கம்பும் சேரும் கழுத்தில் கணு இருக்கவே கூடாது.

எடை

துடுப்பைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வது பழக்கம். அது போதாது. முளை வரும் இடத்தில் துடுப்பை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். பலகைப் பக்கம் தாழ்வது இயல்பு. ஆனால் மிகவும் தாழக் கூடாது. பலகை கனமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைக் கீழே அழுத்தித்தான் பலகையைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 20 இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 1200 இழுப்பு. ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோ அதிகமாக அழுத்த வேண்டியிருந்தால், சேர்த்துப் பார்க்கும்போது 600 கிலோ. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை 12! ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு வீண் பாரம். அந்த வாலிபனுடைய அப்பாவின் தோள் எப்படிப் போனது என்று இப்போது புரிகிறதா?

அதனால்தான் சாச்சா மூங்கிலின் பருத்த அடிப்பக்கத்தைக் கைப்பக்கமாகவும், மெல்லிய நுனியைப் பலகைப் பக்கமாகவும் வைக்கச் சொன்னார். பலகையையும் அளவாக வெட்டச் சொன்னார். அகலமான பலகை நிறையத் தண்ணீரைத் தள்ளும். ஆனால் இழுப்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார். நாள் முழுவதும் ஓட்டுகிறவருக்குக் குறுகலான பலகையே நல்லது.

ஊருக்கு ஊர் துடுப்பு மாறும். காஷ்மீரில் தால் ஏரியில் ஓட்டும் ஷிகாரா படகுக்குக் கையடக்கமான துடுப்பு. அதன் பலகை இதய வடிவில், வெற்றிலை போல் இருக்கும். முளையில் கட்டுவதில்லை. ஒகேனக்கல்லில் வட்டமான பரிசலை ஒரே துடுப்பால் ஓட்டுகிறார்கள். கேரளத்தில் ஆழம் குறைந்த காயலில் நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுகிறார்கள். அங்கங்கே உள்ள தண்ணீர்தான் துடுப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

வீட்டில் செய்த வேலை

மூன்று மூங்கில்கள் வீட்டுக்கு வந்தன. பழைய படகின் பலகையிலிருந்து மூன்று துண்டுகள் வெட்டினார்கள். மூங்கிலில் நேராக ஆணி அடித்தால் பிளந்துவிடும். முதலில் துளை போட்டார்கள். பிறகு ஆணியை முடுக்கி, மேலே கம்பி சுற்றினார்கள். மூங்கிலின் தோலைச் சீவவில்லை. மூங்கிலின் பலம் அதன் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. கை பிடிக்கும் இடத்தில் மட்டும் கணுக்களைத் தேய்த்து மழுக்கினார்கள்.

கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை இறுகச் சுற்றினார்கள். இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் அந்த இடம் தேய்ந்துவிடும். பலகைக்கு ஆளி விதை எண்ணெய் தடவிக் காயவைத்தார்கள். கைப்பிடிக்கு எதுவும் பூசவில்லை. கைப்பிடியில் வண்ணம் இருந்தால் வழுக்கும். உள்ளங்கையும் கொப்பளிக்கும்.

"ராத்திரி இதைச் சுவரில் சாய்த்து வைக்காதே" என்றார் சாச்சா. "வளைந்துவிடும். இரண்டு கட்டை போட்டுப் படுக்க வை. வெயிலிலும் போடாதே."

விடியற்காலையில் படகை அவிழ்த்தார்கள். அப்பாவும் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது நடு ஆற்றில் வராமல், நீரோட்டம் குறைவான கரையை ஒட்டியே மகன் வலித்து வந்தான். மூன்றாவது துடுப்பு படகின் ஓரத்தில் கட்டிக் கிடந்தது. அதன் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்க்க முடியும். அப்பா எழுந்து வந்து அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் கட்டினார்.

கணக்குப் போடுங்கள்

ஒரு படகில் முளைக்கும் முளைக்கும் நடுவே 6 அடி. துடுப்பில் படகுக்கு உள்ளே எத்தனை அடி இருக்க வேண்டும்? வெளியே எத்தனை அடி? மொத்தம் எத்தனை அடி?

நிமிடத்துக்கு 15 இழுப்பு வலிப்பவர் ஒருவர். அவர் இரண்டு மணி நேரத்தில் எத்தனை தடவை வலிப்பார்?