ஆரோனின் கோலும் அதற்கு முந்தைய சண்டையும்



பைபிளில் ஆரோனின் கோல் துளிர்த்த கதையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைத் தனியாகச் சொன்னால் மாயாஜாலம் போல இருக்கும். அதற்கு முன் நடந்த சண்டையோடு சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் பிடிபடும்.

இஸ்ரவேலரின் வனாந்தரப் பயணத்தில் கோராகு என்ற லேவியன் கலகம் செய்தான். சபை முழுவதும் பரிசுத்தமானது என்றால் தலைவர் மோசேயும் ஆசாரியர் ஆரோனும் மட்டும் ஏன் தங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை! 250 தலைவர்கள் அவன் பக்கம் சேர்ந்து, ஆளுக்கொரு தூபகலசத்தோடு வந்து நின்றார்கள். நெருப்பு எழுந்து அவர்களை எரித்தது. மிஞ்சிய வெண்கலக் கலசங்களை ஆரோனின் மகன் எலெயாசார் எடுத்து, தகடாக அடித்துப் பலிபீடத்துக்குப் போர்வையாக்கினார். ஆரோன் வம்சத்தில் வராதவன் தூபம் காட்டக் கூடாது என்பதற்கு அந்தத் தகடுதான் அடையாளம்.

ஆனாலும் வாய்கள் அடங்கவில்லை. மறுநாளே ஜனங்கள் முறுமுறுத்தார்கள். வாதை வந்து 14,700 பேர் மாண்டதாக எண்ணாகமம் கணக்குச் சொல்கிறது.

பிறகுதான், கடவுள் யாரைத் தேர்ந்துகொண்டார் என்று காட்ட, கோல் வருகிறது. கோத்திரத்துக்கு ஒரு கோல், அதில் தலைவன் பெயர்; லேவியின் கோலில் ஆரோன் பெயர். எல்லாவற்றையும் மோசே கூடாரத்துக்குள் வைத்தார். மறுநாள் பார்த்தால், ஆரோனின் கோல் மட்டும் துளிர்த்து, பூத்து, வாதுமைக் காய்களோடு இருந்தது. மற்றவர்கள் அவரவர் கோலைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த அத்தாட்சிக்கு ஓர் உயிரும் பலியாகவில்லை. அதனால்தான் இதுவே மற்றவற்றைவிட வலுவானது.

கடவுளின் முடிவை அறிய ஊரீம், தும்மீம் இன்னொரு வகை. பிரதான ஆசாரியரின் மார்ப்பதக்கம் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம். வரிசைக்கு மூன்றாக 12 கற்கள். அதில் வைத்திருந்த இவ்விரண்டையும் கொண்டு கடவுளின் தீர்ப்பைக் கேட்டார்கள். அவை எப்படி இருந்தன என்று பைபிள் வர்ணிக்கவே இல்லை. மார்ப்பதக்கத்தின் கற்கள் போருக்கு முன் ஒளிவிட்டு வெற்றியை அறிவித்தன, தன் காலத்துக்கு 200 ஆண்டுகளுக்கு முன் அந்த ஒளி நின்றுபோனது என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். யூத மத நூலான தல்மூதோ, எருசலேமின் இரண்டாம் ஆலயத்தில் இல்லாமற்போன ஐந்து விஷயங்களில் ஊரீம் தும்மீமையும் சேர்க்கிறது.

அற்புதம் கைக்கெட்டாத காலத்தில் என்ன செய்தார்கள்? யூதர்கள் பாபிலோனிலிருந்து திரும்பியபோது, ஆசாரியர் என்று சொல்லிக்கொண்ட சில குடும்பங்களின் பெயர் வம்ச அட்டவணையில் இல்லை. ஊரீம் தும்மீமோடு ஓர் ஆசாரியர் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதை உண்ணக் கூடாது என்று ஆளுநர் தடுத்துவிட்டார். அந்த இடத்தில் செல்லுபடியானது பதிவேடுதான். எண்ணாகமம் 16, 17 அதிகாரங்களை முடித்த கையோடு எஸ்றா 2-ஐயும் படித்துவிடு.