ட்யூனர் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

அமெரிக்காவில் ஹாட்ஷாட் லோடு அடிக்கிறீர்களா? ராம் 3500, ஃபோர்டு எஃப்-350 மாதிரி ஒரு டீசல் பிக்கப், பின்னால் 40 அடி டிரெய்லர், போனில் லோடு போர்டு. நீங்கள் பார்க்கும் அதே லோடை இன்னும் பல பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மைலுக்கு ஐந்து சென்ட் செலவு குறைவாக உள்ளவர் ரேட்டை இறக்கிச் சொல்லித் தூக்கிவிடுவார். அதனால் இன்ஜின் செட்டிங்கை மாற்றும் ட்யூனர் போட்டு மைலேஜைக் கூட்டலாமா என்ற யோசனை நியாயமானதுதான். ஆனால் முதலாளியாக யோசித்து வாங்குங்கள்.

முதல் வேலை, கணக்கு. ஆண்டுக்கு 1,00,000 மைல், லோடோடு கேலனுக்கு 10 மைல், டீசல் 4 டாலர் என்று வையுங்கள். வருடச் செலவு 40,000 டாலர். ட்யூனர் அரை மைல் கூட்டிக் கொடுத்தால் மிச்சம் சுமார் 1,900 டாலர். கருவியும் ஃபிட்டிங்கும் 1,000 டாலர் என்றால் ஆறேழு மாதத்தில் போட்ட பணம் திரும்பும். அந்த அரை மைல் உண்மையிலேயே வருகிறதா என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

அதற்குத்தான் நோட்டு. என் கிளவ் பாக்ஸில் எண்ணெய்க் கறை படிந்த ஒன்று இருக்கிறது. தேதி, ஓடோமீட்டர், கேலன், லோடு எடை, காற்று எதிரா பின்னாலா: ஐந்து பத்தி, அவ்வளவுதான். அதே பம்பில் நிரப்புங்கள். நாசில் முதல் முறை கட் ஆனதும் நிறுத்துங்கள், மேலே திணிக்காதீர்கள். டேஷ்போர்டு சொல்லும் நம்பரை நம்ப வேண்டாம். என் வண்டி எப்போதும் அரை மைல் கூட்டியே காட்டும். அரை மைலைத் தேடுகிறவருக்கு அந்த அரை மைல் பிசகு போதும், ஏமாற. குளிர்காலத்து டீசலில் மைலேஜ் தானாகவே இறங்கும் என்பதால் ஜனவரியையும் ஜூலையையும் ஒப்பிடாதீர்கள்.

நோட்டு போட்ட முதல் மாதமே ஒன்று தெரிந்துவிடும். 75 மைல் வேகத்திலிருந்து 65-க்கு இறங்கினால் காற்றுத் தடை ஏறக்குறைய 25 சதவீதம் குறைகிறது. இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. வேகம், டயர் பிரஷர், ஏர் ஃபில்டர் மூன்றையும் சரி செய்த பிறகு வருவதுதான் உங்கள் உண்மையான பேஸ்லைன். ட்யூனரை அதோடு மோதவிடுங்கள்.

இரண்டாவது, பேப்பர். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹார்ஸ்பவர் பற்றியது அல்ல. "இதற்கு கார்ப் ஈஓ நம்பர் என்ன?" என்று கேளுங்கள். கலிஃபோர்னியா காற்று வள வாரியம் பரிசீலித்துக் கொடுக்கும் அனுமதி அது. உங்கள் இன்ஜினும் மாடல் வருடமும் அந்த அனுமதியில் இருக்கிறதா என்று வாரியத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள். "ஆஃப்-ரோடு யூஸ் ஒன்லி" என்று ஸ்டிக்கர் ஒட்டியதை ரோட்டில் ஓடும் வண்டிக்கு விற்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். டிபிஎஃப், இஜிஆர், டிஇஎஃப் போன்ற புகைக் கட்டுப்பாட்டு சிஸ்டத்தைக் கழற்றும் 'டெலிட்' ட்யூன் க்ளீன் ஏர் ஆக்டை மீறுவது. 2023 டிசம்பரில் கம்மின்ஸ் நிறுவனமே ராம் பிக்கப் இன்ஜின்களின் எமிஷன் விவகாரத்தில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தப்பிக்க வழியில்லாத இடத்தில் ஒற்றை வண்டிக்காரர் போய் நிற்கக் கூடாது. போதாததற்கு, கரும்புகை கக்கிக்கொண்டு லோடிங் யார்டுக்குள் நுழையும் வண்டியைப் பார்த்து எந்த ஷிப்பரும் அடுத்த லோடுக்குக் கூப்பிட மாட்டார்.

வாரண்டி? உதிரிக் கருவி மாட்டிய ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது; 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் ட்யூனால்தான் பழுது என்று காட்டிவிட்டால் அந்தப் பில் உங்களுடையது. இந்த டீசல்களின் பவர்ட்ரெயின் வாரண்டி பெரும்பாலும் 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல். நம் ஓட்டத்துக்கு அது ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். பொறுமையுள்ளவர் அந்த ஒரு வருடத்தை பேஸ்லைன் எடுக்கவே பயன்படுத்தலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, எந்த வகை. ஓபிடி போர்ட் வழியாக இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம்-மையே திருத்தி எழுதும் ஃப்ளாஷ் ட்யூன் ஒன்று. சென்சார் வயரின் நடுவில் உட்கார்ந்து சிக்னலை மாற்றும் பாக்ஸ் இன்னொன்று. பாக்ஸைக் கழற்றினால் வண்டி பழைய நிலைக்கு வரும். டிரான்ஸ்மிஷன் ஷிஃப்ட் வரை மாற்ற வேண்டுமானால் ஃப்ளாஷ் ட்யூன்தான். எதுவானாலும் டோயிங்குக்கென்று தனி லெவல் இருக்க வேண்டும். லைட் மட்டும் மினுக்கும் மலிவு 'ஃப்யூவல் சேவர்' பக்கமே போகாதீர்கள்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தை, அதாவது இஜிடியை, காட்டாத கருவியை நான் வாங்கவே மாட்டேன். டென்வரிலிருந்து ஐ-70-ல் ஐசன்ஹவர் டனலுக்கு ஏறிப் பாருங்கள். உயரம் 11,000 அடியைத் தாண்டும், காற்று மெலியும், லோடு பின்னால் இழுக்கும். முள் 1,100, 1,200 என்று ஏறும். 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காலை எடுத்து ஒரு கியர் இறக்குங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்களுக்குப் பிஸ்டன் வாங்கித் தரப் போவதில்லை.

கடைசியாக, ரிட்டர்ன் பாலிசியை எழுத்தில் வாங்குங்கள். அதிலுள்ள நாட்களுக்குள் அதே ரூட்டில், அதே எடையில், போகவும் வரவுமாக நாலு ட்ரிப் அடியுங்கள். சராசரி அரை மைலாவது ஏறவில்லை என்றால் கருவியைப் பழைய பெட்டியில் போட்டு, நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்து, அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.